சாண்டோரினில கப்பல் நிக்கிற அந்த ஒரு நாள்: டூர் பஸ்ஸா, ஓயாவா, ஃபிராவா, எரிமலையா?

கிரீஸ் பக்கம் குரூஸ் போறவங்க முக்கால்வாசி பேரோட ரூட்ல சாண்டோரினி இருக்கும், டிக்கெட் போட்ட அன்னிக்கே ஆரம்பிச்சுடுவாங்க, அங்க என்ன பாக்கலாம், எங்க போட்டோ எடுக்கலாம்னு. அதெல்லாம் அப்புறம். மேல எப்படி ஏறப்போறீங்க, சாயங்காலம் கீழ எப்படி இறங்கப்போறீங்க, இத முதல்ல முடிவு பண்ணுங்க, மிச்ச பிளான் தானா வந்துடும். ஏன்னா இது மத்த தீவு மாதிரி இல்ல. ரோட்ஸ்ல கப்பல் கோட்டை மதிலுக்குப் பக்கத்துலயே நிக்கும், இறங்கி கொஞ்சம் நடந்தா பழைய ஊருக்குள்ள இருப்பீங்க. சாண்டோரினில கப்பல் கரைக்கே வராது. எப்பவோ எரிமலை வெடிச்சு நடுப்பகுதி உள்ள இறங்கிப்போய், அந்தப் பள்ளத்துல கடல் புகுந்து, மிச்சம் நிக்கிற விளிம்பு தான் இப்ப நாம பாக்குற தீவு. உள்ள தண்ணி முந்நூறு மீட்டருக்கு மேல ஆழம், அதனால கப்பல் நடுவுல நின்னுக்கும், உள்ளூர் படகுக்காரங்க வந்து நம்மள ஏத்திட்டுப் போய் செங்குத்துப் பாறையோட அடில இருக்க பழைய துறைமுகத்துல விடுவாங்க. ஊர் ஃபிரா, அது தலைக்கு மேல இருநூத்தி சொச்சம் மீட்டர் உசரத்துல வெள்ளையா தெரியும்.

இங்க இருந்து மேல போக மூணு வழி. கேபிள் கார், படி, கோவேறு கழுதை.

கேபிள் கார்ல ஆறு கூண்டு ஒரு கொத்தா போகும், கூண்டுக்கு ஆறு பேர், ஆக ஒரு தடவைக்கு 36 பேர். ஏறி உக்காந்தா மூணு நிமிஷம், சூப்பரா இருக்கும். ஆனா கணக்கு போட்டு பாருங்க, ஒரு கப்பல்ல இருந்து 3000 பேர் இறங்குனா எண்பது தடவைக்கு மேல ஓடணும், சீசன்ல அந்த மாதிரி மூணு நாலு கப்பல் ஒரே நாள்ல நிக்கும். ஒரு நாளைக்கு 8000 கப்பல் பயணிகள்னு தீவுக்காரங்க ஒரு வரம்பு வச்சிருக்காங்க, அதைத் தாண்டின நாளும் இருந்திருக்கு. விசேஷ நாள்ல பழனி விஞ்ச் வரிசைல நின்னவங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டாம். காலைல கூட பரவால்ல, படகு படகா வர்றதால கூட்டம் பிரிஞ்சு வரும். சாயங்காலம் தான் ஆபத்து, எல்லாருக்கும் ஒரே நேரத்துல கீழ இறங்கணும், வரிசை ஸ்டேஷனுக்கு வெளில சந்துக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கிறது சாதாரணம்.

படி 580-க்கு மேல. அகலமான, சரிவான கல்படி, மலைய வளைச்சு வளைச்சு போட்டிருப்பாங்க. காலங்காலமா கழுதைங்க நடந்து நடந்து கல்லு வழவழன்னு தேஞ்சு வெயில்ல மின்னும், அது மேல சாணி, மூத்திரம், வாடை வேற, அதுங்களும் நாமளும் ஒரே படில தான் போகணும். ஏறுறது எனக்கு வேண்டவே வேண்டாம், ஜூலை வெயில்ல நிழலே கிடையாது. இறங்குறது வேற கதை, நல்ல கிரிப் உள்ள ஷூ இருந்து முட்டி நல்லா இருந்தா அரை மணி நேரத்துக்குள்ள கீழ வந்துடலாம், வரிசையும் இல்ல காசும் இல்ல. வெறும் ஹவாய் செருப்போட மட்டும் முயற்சி பண்ணாதீங்க.

கழுதை சவாரி பத்தி ரொம்ப பேச விரும்பல. அதுங்க மேல பாரம் அதிகம் ஏத்துறாங்கன்னு பிரச்சனையாகி 2018-ல கிரீஸ் அரசாங்கமே 100 கிலோ, இல்லன்னா அதோட எடைல அஞ்சுல ஒரு பங்கு, இதுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு விதி போட்டுச்சு. வெயில்ல அதுங்க நிக்கிற நிலைமைய பாத்தா நமக்கே ஏற மனசு வராது.

சரி, இப்ப பிளான் விஷயம். கைல ஆறேழு மணி நேரம்னு வச்சுக்கிட்டு பேசுறேன், நிறைய கப்பல் அவ்வளவு தான் நிக்கும்.

கப்பல்காரங்களே விக்கிற டூர எடுத்துக்குவோம். விலை அதிகம்னு எல்லாரும் திட்டுவாங்க, ஆனா அதுல ஒரு பெரிய லாபம் இருக்கு, டூர் ஆட்கள பெரும்பாலும் முதல் படகுலயே ஏத்தி, பழைய துறைமுகத்துக்கு பதிலா அதினியோஸ்ங்கிற ஃபெர்ரி துறைமுகத்துல இறக்குவாங்க, அங்க பஸ் ரெடியா நிக்கும், கொண்டை ஊசி வளைவுல ஏறி நேரா மேல போயிடலாம். கேபிள் கார் வரிசையே பாக்காம மேல வந்தாச்சு. வயசான அப்பா அம்மா கூட வர்றாங்கன்னா, கைக்குழந்தை இருக்குன்னா, இதுக்கு மேல யோசிக்கவே வேண்டாம், இத எடுத்துடுங்க. ஆனா டூர் விவரத்துல கடைசி ரெண்டு வரிய கண்டிப்பா படிங்க. நிறைய டூர் ஃபிராலயே முடிஞ்சுடும், கைல ஒரு கேபிள் கார் டிக்கெட்ட குடுத்து, நீங்களே இறங்கி வாங்கன்னு விட்டுடுவாங்க, அப்ப இறங்குற வரிசை உங்களுக்கும் அதே வரிசை தான். டூர் லேட்டானா கப்பல் காத்திருக்கும்ங்கிற தைரியம் டூர் முடிஞ்ச அந்த நிமிஷத்தோட போச்சு.

அடுத்தது ஓயா. நீலக் குவிமாடம், வெள்ளை வீடு, அந்த போஸ்டர் படம் எல்லாம் அங்க தான். தீவோட வடக்கு முனை, ஃபிரால இருந்து பத்து பதினோரு கிலோமீட்டர். சொந்தமா போக ரெண்டு வழி. கேபிள் கார்ல ஃபிரா ஏறி, பஸ் ஸ்டாண்டுல கேடெல்ங்கிற உள்ளூர் பொது பஸ் புடிச்சா அரை மணி நேரம், டிக்கெட் மலிவு, ஆனா சீசன்ல நின்னுட்டே போக தயாரா இருங்க. இல்லன்னா பழைய துறைமுகத்துலயே ஒரு பேக்கேஜ் விப்பாங்க, படகுல ஓயாவோட அடிவாரத்துக்கு, அங்க இருந்து வேன்ல மேல, திரும்ப பஸ்ல ஃபிராக்கு. காலைல கேபிள் கார் வரிசை நீளமா தெரிஞ்சா இந்தப் பேக்கேஜ் நல்ல புத்திசாலித்தனம், கடல்ல இருந்து அந்தப் பாறையோட கருப்பு சிவப்பு அடுக்கெல்லாம் பக்கத்துல பாத்துட்டே போலாம்.

ஆனா ஓயாவ பத்தி என்னோட அபிப்ராயம் கொஞ்சம் கசப்பு தான். எல்லாரும் ஓயா கேக்குறது சூரிய அஸ்தமனத்துக்காக, அது கோடைல எட்டு, எட்டரை மணிக்கு. உங்க கப்பல் அஞ்சு ஆறு மணிக்கு கிளம்புதுன்னா அந்தப் படம் உங்களுக்கு இல்ல. மதியம் பன்னெண்டு மணிக்கு அங்க கிடைக்கிறது ஒரு ஆள் போற சந்துல நாலு ஆளு, போட்டோ எடுக்க ஒரு வரிசை, அதே நேரம் வெள்ளை சுவர்ல இருந்து கண்ணக் கூச வைக்கிற வெயில். ஊரு அழகு தான், இல்லன்னு சொல்லல. 1956 நிலநடுக்கத்துல பாதி இடிஞ்சு விழுந்த ஊர்னு சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க. ராத்திரி ஒம்பது பத்து வரைக்கும் நிக்கிற கப்பல்னா மட்டும் ஓயாவ முதல்ல வைங்க, அப்ப கூட அஸ்தமனம் முடிஞ்ச அடுத்த நிமிஷம் அந்த மொத்தக் கூட்டமும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும்ங்கிறத ஞாபகம் வச்சுக்கோங்க.

என் ஓட்டு யாரும் கண்டுக்காத பிளானுக்கு, அதாவது ஃபிராலயே இருக்கிறது. கேபிள் கார்ல ஏறினதும் இடது கை பக்கம் விளிம்புப் பாதைய புடிச்சு நடந்தா ஃபிரோஸ்டெஃபானி, அதத் தாண்டி இமெரோவிக்லி, மெதுவா நடந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். வழி முழுக்க ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் கடல், கீழ உங்க கப்பலே தீப்பெட்டி சைஸ்ல தெரியும். ஓயால பாக்குற அதே பள்ளம், அதே கடல், கூட்டம் மட்டும் பாதி கூட இல்ல. வேணும்னா இப்படியே ஓயா வரைக்கும் நடக்கலாம், பத்து கிலோமீட்டர், மூணு நாலு மணி நேரம் ஆகும், ஆனா கப்பல் நாள்ல அது கொஞ்சம் ரிஸ்க்.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்க வரலாற்றுக்கு முந்தைய தேரா (சாண்டோரினியோட பழைய பேர்) அருங்காட்சியகத்துக்குள்ள போங்க. சின்னது, ஒரு மணி நேரம் போதும், கப்பல் கூட்டம் ரொம்ப எட்டிப் பாக்காது. மூவாயிரத்து அறுநூறு வருஷம் மாதிரி முன்னாடி எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன அக்ரோத்திரிங்கிற ஊர்ல இருந்து எடுத்த சுவர் ஓவியம் இங்க இருக்கு, அதுல நீலக் குரங்கு ஓவியம்னு ஒண்ணு. பாறை மேல குரங்குங்க தாவி ஏறுது, வால மேல தூக்கி வளைச்சு வச்சிருக்கும், நமக்கு பாத்தவுடனே எங்கயோ பாத்த மாதிரி இருக்கும். இருக்காதா பின்ன, அந்த வாலையும் உடம்பு வாகையும் வச்சு இது ஆப்பிரிக்கக் குரங்கு இல்ல, இந்தியத் துணைக்கண்டத்து சாம்பல் மந்தின்னு சில ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. கோயில்ல நம்ம கைல இருந்து தேங்காய் மூடிய புடுங்கிட்டு ஓடுற வகையறாவோட சொந்தக்காரன், ஏஜியன் கடல் தீவுல ஒரு வீட்டு சுவர்ல. வரைஞ்சவன் நேர்ல பாத்தானா, வியாபாரம் வழியா கதை வந்துச்சா, யாருக்குத் தெரியும். பக்கத்துலயே தங்கத்துல செஞ்ச ஒரு குட்டி காட்டு ஆடு, 1999-ல தோண்டி எடுத்தது, அதையும் விட்டுடாதீங்க.

அந்த ஊரையே பாக்கணும்னா அக்ரோத்திரிக்கு ஃபிரால இருந்து நேரடி பஸ், அரை மணி நேரம். 1967-ல ஸ்பைரிடான் மாரினாடோஸ் தோண்ட ஆரம்பிச்சது. ரெண்டு மாடி மூணு மாடி வீடு, தெருவுக்கு அடில கழிவுநீர் போக வழி, பெரிய பெரிய ஜாடி வரிசையா அப்படியே நிக்குது. ஆனா புதைஞ்ச மனுஷங்களோட உடம்பு கிடைக்கல, வெடிக்கிறதுக்கு முன்னாடியே ஊரக் காலி பண்ணிட்டாங்க போல. மேல முழுசா கூரை போட்டிருக்காங்க, 2005-ல புதுசா போட்டுட்டு இருந்த கூரையோட ஒரு பகுதி இடிஞ்சு ஒருத்தர் செத்ததால பல வருஷம் மூடி வச்சு 2012-ல தான் திறந்தாங்க. வெயிலே தெரியாம மரப்பாதைல சுத்திப் பாக்கலாம், அதனால வரலாறு புடிக்கிறவங்களுக்கு ஓயாவ விட இது தான். ஒரே குறை, பஸ் எல்லாமே ஃபிராவ சுத்தி தான் ஓடுது, ஓயாவும் அக்ரோத்திரியும் ரெண்டும் ஒரே நாள்ல பஸ்ல பாக்குறேன்னு கிளம்புனா நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டுல தான் இருப்பீங்க. டாக்சி தீவுல கம்மி. வண்டி வாடகைக்கு எடுக்கலாம், இந்திய லைசென்ஸ்னா இன்டர்நேஷனல் பர்மிட் ஊர்லயே வாங்கிட்டு போங்க.

எரிமலை படகு இன்னொண்ணு. இதுக்கு மலையே ஏற வேண்டாம், பழைய துறைமுகத்துல இருந்தே கிளம்பும். நடுக்கடல்ல இருக்க நியா கமேனிங்கிற எரிமலைத் தீவுல இறங்கி கருங்கல் பாதைல மேல நடக்கணும், கடைசியா வெடிச்சது 1950-ல. அப்புறம் பக்கத்துத் தீவுல வெந்நீர் ஊத்துன்னு சொல்லி படகுல இருந்து கடல்ல குதிக்கச் சொல்வாங்க, வெந்நீர் எல்லாம் இல்ல, வெதுவெதுன்னு தான் இருக்கும், தண்ணில இரும்பு அதிகம், வெள்ளைத் துணி போட்டா துருக் கறை போகாது. நீச்சல் தெரியாதவங்களுக்கு இதுல பாதி காசு வேஸ்ட். பசங்களோட, மியூசியம்னாலே கொட்டாவி விடுற குரூப்போட போனா இது தான் பெஸ்ட்.

சாப்பாடு பத்தி ஒரு வரி. சைவம்னா பயப்படாதீங்க, ஃபாவான்னு கேளுங்க, அங்கயே விளையற ஒரு பருப்ப கடைஞ்சு ஆலிவ் எண்ணெய், வெங்காயம் போட்டு தருவாங்க, கூடவே தக்காளி போட்டு பொரிச்ச தொமட்டோகெஃப்டெடெஸ். விளிம்புல கடல் தெரியற ஹோட்டல விட்டு ரெண்டு தெரு உள்ள போனா பில் நல்லாவே குறையும்.

செலவு கணக்குல இன்னொண்ணு சேத்துக்கோங்க. 2025 ஜூலைல இருந்து கிரீஸ்ல கப்பல் பயணிகளுக்கு தனி வரி, சாண்டோரினிக்கும் மிக்கோனோஸுக்கும் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ, மத்த துறைமுகத்துக்கு அஞ்சு. கப்பல் நடுவுல துருக்கி குசடாசி போயிட்டு திரும்ப கிரீஸ் வருதுன்னா ஷெங்கன் விசா மல்டிபிள் என்ட்ரியா இருக்கணும், இத அப்ளை பண்றப்பவே பாருங்க.

இறங்குற நேரத்துக்கு நான் சொல்ற கணக்கு, கடைசி படகு நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சுக்கோங்க, அந்த நேரத்துக்கு கேபிள் கார் ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும். வரிசை வாசலுக்குள்ளயே முடிஞ்சுடுச்சுன்னா நிதானமா ஒரு காபி குடிச்சுட்டு வந்து ஏறுங்க, தெரு வரைக்கும் வந்துடுச்சுன்னா முட்டி ஒத்துழைக்கிறவங்க பேசாம படிப்பக்கம் திரும்பிடுங்க, மத்தவங்க அப்பவே வரிசைல நின்னுடுங்க.