வெள்ளவத்தை ஒடியல் மாவும் குரக்கன் மாவும்: டயற்றை விட்டு வருகிறவர்கள் வாங்கலாமா?

கீட்டோ (மாப்பொருளை மிகக் குறைத்த டயற்), சோறில்லாத டயற், பதினாறு மணிநேர விரதம் என்று சில வருடம் வாயைக் கட்டிவிட்டு அம்மம்மா காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர்கள், கொழும்பு வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளில் முதலில் கைவைப்பது ஒடியல் மா, குரக்கன் (கேழ்வரகு) மா, மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசி ஆகிய மூன்றிலும்தான். மூன்றும் வாங்க வேண்டிய சாமான்களே. ஆனால் பக்குவம் தெரியாமல் ஒடியல் மாவை வாங்கினால், ஒருநேரச் சமையலோடு அது அலமாரியில் கிடந்துவிடும்.

ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தது. அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் மாறி வாங்கிவிடுகிறார்கள். புழுக்கொடியல் மாவைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் குழைத்து அப்படியே சாப்பிடலாம். ஒடியல் மா அப்படியல்ல, கசக்கும். கழுவி, முழுதாக வேகவைத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும்.

பிட்டு அவிக்க, 250 கிராம் மாவுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் விட்டுக் கரைத்து அரை மணிநேரம் அசையாமல் வையுங்கள். மா அடியில் படியும், மேலே மஞ்சள் கலந்த கலங்கல் தண்ணீர் நிற்கும். அதைச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். மூன்று தடவை செய்தால் தண்ணீர் ஓரளவு தெளியும், கசப்பும் இறங்கும். ஒரே தடவையோடு நிறுத்தினால் பிட்டு தொண்டையில் கசக்கும். அது மாவின் குற்றமல்ல. பிறகு பருத்தித் துணியில் கட்டிப் பிழியுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. தண்ணீர் மிஞ்சினால் மா களிபோலத் திரண்டு, ஆவி உள்ளே போகாமல் நடுப்பகுதி வேகாது. கையில் பிடித்தால் பிடியாகவும் விரலால் தட்டினால் உதிர்ந்தும் வரவேண்டும். ஈரம் கூடிப்போனால் வறுத்த சிவப்பரிசி மா இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து உதிர்த்துவிடலாம். தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, உப்பு, அரிந்த பச்சைமிளகாய், முருங்கையிலை, கிடைத்தால் சின்ன இறால் சேர்த்து, நீத்துப்பெட்டியில் (பிட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி) அமுக்காமல் போட்டு 15 நிமிடம் அவியுங்கள். மூன்று பேருக்குக் காணும்.

ஒடியல் கூழுக்கும் இதே கழுவிய மாதான். பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய், மீன், நண்டு எல்லாம் வெந்து, புளியும் செத்தல்மிளகாய்க் கூட்டும் விட்ட பிறகே மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும். முந்தினால் அடிப்பிடிக்கும்.

வாங்கும்போது மணத்தைப் பாருங்கள். ஒடியலுக்கு அதற்கேயுரிய கனத்த மணம் உண்டு, அது சரி. பூஞ்சண மணம் அடித்தால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, எறியத்தான் வேண்டும். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களிலும் பனம் பொருட்கள் கிடைக்கும்.

குரக்கன் மாவில் இரண்டு குறைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று மண். ஒரு கரண்டி மாவைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கி, படிந்ததும் மெல்லச் சரித்துப் பாருங்கள். மண் இருந்தால் அடிவிளிம்பில் கோடாகத் தங்கும். மற்றது கோதுமை மாக் கலப்பு. எலுமிச்சங்காயளவு மாவைக் குழைத்து உள்ளங்கையில் வைத்து, மெல்லிய குழாய்த் தண்ணீரில் கசக்குங்கள். தனிக் குரக்கன் முழுதும் கரைந்து ஓடிவிடும். கோதுமை கணிசமாக இருந்தால் இழுபடும் சவ்வு கையில் மிஞ்சும். ரொட்டி நன்றாக வளைகிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் பைக்கற்றின் சின்ன எழுத்தைப் படியுங்கள். கோதுமையில் உள்ள அந்தப் பசை குரக்கனில் இல்லை, அதனால் ரொட்டி வெடிக்கும். கொதிநீரில் குழைத்துப் பத்து நிமிடம் மூடிவைத்து, வாழையிலையில் தட்டினால் வெடிப்புக் குறையும்.

குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு, அரிசி கிட்டவும் வராது. ஆனால் அதுவும் மாப்பொருள்தான். “சுகர்காரருக்கு எவ்வளவும் சாப்பிடலாம்” என்று கடையில் சொல்வதை நம்பக்கூடாது. நைசாக அரைத்துக் காய்ச்சிய குரக்கன் கஞ்சி, ரொட்டியைவிட வேகமாகச் சீனியை ஏற்றக்கூடும். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவதே முறை.

மொட்டைக்கறுப்பனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தவிடு உள்ள அரிசி, வேக நேரம் எடுக்கும். அரை மணிநேரம் ஊறவைத்தால் எரிவாயு மிச்சம். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் சேர்த்துப் பழஞ்சோறு. கொழும்புச் சூட்டில் அதை ஒரு இரவுக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

சோற்றுக்குத் திரும்பிய முதல் வாரத்தில் தராசு ஒன்றிரண்டு கிலோ கூட்டிக் காட்டலாம். உடல் மாப்பொருளைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து நிற்கிறது, அது கொழுப்பல்ல. இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் திரும்பவும் பட்டினிக்குப் போகிறார்கள், வீணான பயம். நார்ச்சத்தும் திடீரென்று கூடுவதால் வயிறு ஊதும். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒருநேரம் மட்டும், தண்ணீர் கூடுதலாகக் குடித்து, மெல்லக் கூட்டுங்கள்.

பெரிய பைக்கற் மலிவென்று வாங்க வேண்டாம். தவிட்டில் உள்ள எண்ணெயால் சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் நாளாகக் காறல் மணம் எடுக்கும், வண்டும் பிடிக்கும். அரைக்கிலோவாக வாங்கி, காற்றுப்புகாத போத்தலில் பிறிட்ஜில் வைத்து, எடுத்ததும் ஈரக்கரண்டி படாமல் மூடிவிடுங்கள்.