குரங்கம்மா வளர்த்த புள்ள: ஜோ க்யூபர்ட்டோட டார்ஜான் காமிக்ஸ் எப்படி இருக்கு?

டார்ஜான எத்தனையோ பேரு காமிக்ஸா வரைஞ்சிருக்காங்க, ஆனா காலா சாகற இடத்துல என் கண்ண கலங்க வெச்சது ஜோ க்யூபர்ட் ஒருத்தரு தான். காலான்னா டார்ஜானை எடுத்து வளர்த்த குரங்கம்மா. டிசி கம்பெனிக்காக 1972ல இவரு ஆரம்பிச்ச சீரிஸோட முதல் எட்டு இதழ, டார்க் ஹார்ஸ் காரங்க 2005ல கெட்டி அட்டை போட்டு ஒரு வால்யூமா கொண்டு வந்தாங்க. அத பத்தி தான் இந்த ரிவ்யூ.

உள்ள இருக்கறது 207ல இருந்து 214 வரைக்குமான இதழ்கள். நம்பர பாத்துட்டு பழைய கதையெல்லாம் படிச்சிருக்கணுமோன்னு யாரும் தயங்க வேணாம். இதுக்கு முன்னாடி டெல், அப்புறம் கோல்ட் கீன்னு வேற கம்பெனிங்க நடத்தின சீரிஸ் 206ல நின்னு போச்சு, உரிமைய வாங்கின டிசி அதே நம்பர தொடர்ந்துட்டாங்க, அவ்ளோ தான். கதை டார்ஜானோட பொறப்புல இருந்தே வருது. எட்கர் ரைஸ் பர்ரோஸ் 1912ல எழுதின முதல் நாவல் முழுசையும் முதல் நாலு இதழ்ல சொல்றாரு க்யூபர்ட், எழுத்து, படம், எடிட்டிங் மூணுமே அவரு தான். சின்ன வயசுல நியூஸ்பேப்பர்ல ஹால் ஃபாஸ்டர் வரைஞ்ச டார்ஜான பாத்து வளந்த ஆளு இவரு. அந்த படங்கள பாத்தப்போ தனக்குள்ள வந்த உணர்ச்சிய திரும்ப கொண்டு வரணும்னு தான் உக்காந்து வரைஞ்சிருக்காரு, பக்கத்துக்கு பக்கம் அது தெரியுது.

கதை பலருக்கு தெரிஞ்சது தான். 1888ல கப்பல்ல கலகம் பண்ணவங்க ஜான் க்ளேட்டனையும் அவரு பொண்டாட்டி ஆலிஸையும் ஆப்பிரிக்க கரையில இறக்கி விட்டுட்டு போயிடறாங்க, அவங்க ஒரு குடிசைய கட்டி பொழைக்கறாங்க, கொழந்தை பொறக்குது, ஒரு வருஷத்துல அம்மா போயிடறா, அப்பாவ கெர்ச்சாக்ங்கற குரங்கு தலைவன் கொன்னுடறான். அந்த நேரத்துல தான் தன் சொந்த குட்டிய பறிகொடுத்துட்டு, செத்த குட்டிய கீழ போட மனசில்லாம தூக்கிட்டே திரியற காலா உள்ள வர்றா, தொட்டில்ல அழற மனுஷ கொழந்தைய பாக்கறா, தன் குட்டிய அங்க விட்டுட்டு இத மாரோட அணைச்சுக்கறா. இந்த ஒரு விஷயம் தான் மொத்த டார்ஜான் கதைக்கும் உயிர்னு நான் நினைக்கறேன், சிங்கத்தோட சண்டை, கொடிய புடிச்சு தாவறது எல்லாம் இதுக்கு அப்புறம் தான். நெறய பேரு இத ரெண்டு வரியில முடிச்சுட்டு வளந்த டார்ஜான காட்ட ஓடிடுவாங்க. க்யூபர்ட் இங்க நிக்கறாரு. அந்த தாய பூதம் மாதிரியும் வரையல, கொஞ்சறதுக்கு செஞ்ச பொம்மை மாதிரியும் வரையல. முதுகு வளைவுலயும், புள்ளைய சுத்தி இருக்கற கையிலயும் பாசம் தெரியுது, மூஞ்சி மட்டும் மிருகமாவே இருக்கு.

அதனால தான் பின்னாடி குலோங்காங்கற ஆப்பிரிக்க கிராமத்து ஆளு விட்ட விஷ அம்புல காலா செத்து போறப்போ அந்த எடம் அப்படி தாக்குது. அதுக்கு டார்ஜான் பழி வாங்கறது வீரமா தெரியல எனக்கு, அம்மாவ இழந்த ஒருத்தன் வேற என்ன பண்றதுன்னு தெரியாம செய்யற காரியமா தான் தெரிஞ்சுது.

படங்கள பத்தி தனியா சொல்லணும். க்யூபர்ட்டோட கோடு வழவழன்னு இருக்காது, பிரஷ்ஷ வேகமா இழுத்த மாதிரி சொரசொரப்பா இருக்கும், இலையும் நெழலும் முடியும் எல்லாம் அந்த ஒரே கோட்டுல இருந்து வருது, காட்டுக்கு இது அவ்ளோ பொருத்தம். பர்ன் ஹோகார்த் வரைஞ்ச டார்ஜான பாத்தவங்களுக்கு தெரியும், அதுல ஒவ்வொரு தசையும் எண்ணலாம், அது வேற மாதிரி அழகு. இவரோட டார்ஜான் ஒல்லியா, இறுக்கமா, கழைக்கூத்தாடி உடம்போட இருக்கான். எந்நேரமும் எதையோ கவனிச்சுட்டே குந்தி உக்காந்திருக்கற மாதிரி ஒரு ஒடம்பு, குரங்குங்க கூட வளந்தவன் இப்படி தான இருக்கணும்! மிருகங்களுக்கும் நல்ல எடை இருக்கு, சிறுத்தை பாயறப்போ அந்த கனம் நம்ம மேல விழுற மாதிரி இருக்கு.

இன்னொன்னு, இந்த டார்ஜான் முட்டாள் இல்ல. 1932ல ஜானி வெய்ஸ்முல்லர் நடிச்ச படத்துல இருந்து ரெண்டு வார்த்தைக்கு மேல பேச தெரியாத ஆளா தான் இவன உலகமே நினைச்சுட்டு இருக்கு. நாவல்ல அவன் அப்பாவோட குடிசையில கெடந்த படப் புத்தகங்கள பாத்து, எழுத்தெல்லாம் சின்ன பூச்சிங்கன்னு நினைச்சு, யாரும் சொல்லி குடுக்காம தானா இங்கிலீஷ் படிக்க கத்துக்கறான். ஆனா அத பேச தெரியாது, அவன் முதல்ல பேச கத்துக்கற மனுஷ பாஷை பிரெஞ்சு, டார்னோன்னு ஒரு கடற்படை அதிகாரி கத்து குடுக்கறது. க்யூபர்ட் நாவல் பக்கம் தான் நிக்கறாரு, அந்த மரியாதை எனக்கு ரொம்ப புடிச்சது.

குறை இருக்கு. முதல் நாலு இதழோட முடிவு நெருங்கறப்போ கதை ஓடுது. ஜேன், டார்னோ, நாகரிக உலகம்னு நாவலோட பின்பாதிய கொஞ்ச பக்கத்துல அடக்கணும்னு பாத்ததுல மூச்சு முட்டுது, ஜேன் மேல அவனுக்கு வர்ற காதல் வளர நேரமே இல்ல. இன்னும் ஒரு இதழாவது குடுத்திருக்கலாம். சில பக்கங்கள்ல படமே எல்லாத்தையும் சொல்லிட்ட அப்புறமும் மேல பெட்டி போட்டு அதையே எழுத்துல திரும்ப சொல்றாங்க, அந்த காலத்து பழக்கம் அது, இருந்தாலும் இவ்ளோ நல்ல படத்துக்கு அது தேவையே இல்ல.

பெரிய குறை வேற ஒன்னு. பர்ரோஸ் ஆப்பிரிக்காவுக்கு போனதே இல்ல, அவரு எழுதின கிராமத்து ஜனங்க பயந்தவங்களாவும் கொடூரமானவங்களாவும் மட்டும் தான் வர்றாங்க, காலனி காலத்து பார்வை அது. க்யூபர்ட் மூலக்கதைய அவ்ளோ விசுவாசமா எடுத்ததால அந்த பார்வையும் கூடவே வந்துடுது. குரங்குக்கு குடுத்த மனச குலோங்காவோட ஜனங்களுக்கு குடுக்கல. 1972ல புதுசா சொல்ல உக்காந்தவரு இத மாத்தியிருக்கலாம்னு எனக்கு வருத்தமா இருந்துச்சு. பசங்களுக்கு குடுக்கறதா இருந்தா கூட உக்காந்து படிங்க, இத பத்தி பேசுங்க. ரத்தமும் கொஞ்சம் இருக்கு.

கடைசி மூணு இதழ்ங்க பர்ரோஸோட டார்ஜான் சிறுகதைகள வெச்சு பண்ணது. டீக்கா, டாக்னு கூட வளந்த குரங்குங்க, அவங்களுக்கு ஒரு குட்டி, இவன் மட்டும் தனியா நிக்கறான்னு வர்ற கதை மெதுவா உள்ள எறங்கும். அதுக்கு அடுத்தது கனவு கதை. கெட்டு போன யானைக்கறிய தின்னுட்டு கெட்ட கனவா காணறான், கனவுன்னா என்னன்னே தெரியாதவன், எது நெசம் எது நெசமில்லன்னு கொழம்பி போயிருக்கறப்போ நெஜமாவே ஒரு கொரில்லா வந்து நிக்குது. க்யூபர்ட் கைக்கு அளவெடுத்து செஞ்ச கதை இது. முதல் நாலு இதழ் படிச்சதும் ஒரு நாள் கழிச்சு இத எடுங்க, ஒரே மூச்சுல படிச்சா இதோட அமைதி புடிபடாது. அப்புறமும் ஆசை இருந்தா ஹோகார்த் அதே 1972ல இதே நாவல வெச்சு பண்ண புத்தகத்த தேடி பாருங்க. அதுல பேச்சு பலூனே கெடையாது, ஒரே கதைய ரெண்டு பெரிய கைங்க எப்படி எடுத்திருக்காங்கன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம்.