சைக்கிள் ஏற்ற எந்த ஹிட்ச்: ஒன்றேகால் அங்குலமா, 2 அங்குலமா?

காரின் பின்னால் சைக்கிள் ரேக் மாட்டும் சதுரக் குழாய்தான் ஹிட்ச். அது பெரும்பாலும் இந்த இரண்டு அளவுகளில்தான் வரும். சின்ன காருக்கு ஒன்றேகால் அங்குலம் போதும். எடை குறைவு, பம்பருக்கு அடியில் துருத்தாமல் அடங்கிவிடும். சாதாரண சைக்கிள் இரண்டு என்றால் கவலையே இல்லை.

மின்சைக்கிள் வந்தால்தான் கணக்கு மாறும். ஒன்றே 25 கிலோ இருக்கும். இரண்டு சைக்கிள், அதோடு 20 கிலோவுக்கு மேல் ரேக். மொத்தம் 70ஐத் தாண்டும். எடை காரை விட்டு எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ, அவ்வளவுக்கு ஹிட்ச்சை முறுக்கும். நான்கு சைக்கிள் ரேக்குகள் பெரும்பாலும் 2 அங்குலத்துக்கே செய்யப்படுவது இதனால்தான். சின்ன ஹிட்ச்சில் பெரிய ரேக்கைப் பொருத்தும் இணைப்புத் துண்டான அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். அது நீளத்தைக் கூட்டி, தாங்குதிறனைக் குறைக்கும். எனக்கு உடன்பாடில்லை.

இடம் கொடுக்கும் கார் என்றால் 2 அங்குலமே என் தேர்வு. ஆனால் காரின் கையேடு சொல்லும் எடை வரம்பை எந்த ஹிட்ச்சும் உயர்த்தாது.

மாட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பல கார்களின் அடிச்சட்டத்தில் துளைகள் தயாராக இருக்கும்; துருவைச் சுரண்டி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஹிட்ச்சின் குறிப்பில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். வழியில் இருக்கும் சைலன்சரை இறக்க வேண்டி வந்தால் இன்னொரு ஆள் கை தேவைப்படும்.