மோட்டர் எத்தனை மாதம் ஓடும்? யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சனிக்கிழமை வகுப்பு

எங்களுக்குத் தண்ணீர் மோட்டர் கொயில் சுற்றும் கடை. எத்தனை மாத உத்தரவாதம் கொடுக்கலாம் என்று தெரியாமல்தான், தகவற் கோட்பாட்டை வைத்துப் பொருள்களின் ஆயுளைக் கணிக்கும் இந்த வகுப்புக்குப் போனேன். ஐந்து சனிக்கிழமை, 6000 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

படிப்பித்த சேர் முதல் நாள் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு உண்மையில் என்ன தெரியும்?" தெரிந்ததை மட்டும் நிபந்தனையாக வைத்து, அதற்குள் எந்திரப்பி, அதாவது நமக்குத் தெரியாததன் அளவு, ஆகக் கூடுதலாக உள்ள பரம்பலை (எந்த ஆயுளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் கணக்கை) எடுக்க வேண்டும், நாமாக ஒன்றும் சேர்க்கக்கூடாது. தகவற் கோட்பாட்டைத் தொடங்கிய ஷானன் 1948இல் தந்த இந்த அளவை, இயற்பியலாளர் ஜெய்ன்ஸ் 1957இல் இப்படிப் பரம்பலைத் தெரியும் வேலைக்குக் கொண்டுவந்தார். சராசரி ஆயுள் மட்டும் தெரிந்தால் கிடைப்பது அடுக்குக்குறிப் பரம்பல். சராசரி 30 மாதம் என்றால் நூற்றுக்கு 37 மோட்டர்தான் 30 மாதத்தைத் தாண்டும், நான் பாதி தாண்டும் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதோடு, பழைய மோட்டரும் புது மோட்டரும் நாளைக்கு எரிவதற்கு ஒரே வாய்ப்பு என்றும் அது சொல்கிறது.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு படிஞ்சு, உள்ளுக்க சுத்திற சில்லு இறுகின மோட்டரும் புதுசும் ஒண்டோ?"

அடுத்த சனி இதைச் சொன்னேன். அதுவும் தகவல்தான், உள்ளே போடுவோம் என்றார் சேர். எங்கள் கடைக் கொப்பியில் இருந்த 41 மோட்டர்களுக்கும் மாதக் கணக்கின் இயற்கை மடக்கை எடுத்து, சராசரியின் மடக்கையிலிருந்து மடக்கைகளின் சராசரியைக் கழித்தோம். தேய்வே இல்லாவிட்டால், அதாவது அடுக்குக்குறியில், இந்த வித்தியாசம் 0.577. எங்களுக்கு 0.21 வந்தது. இரண்டு சராசரிகளையும் நிபந்தனையாக வைத்தால் காமாப் பரம்பல் வரும், வித்தியாசம் 0.577க்குக் கீழே என்றால் வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். அப்பா சொன்னது அப்படியே கணக்கில் நின்றது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

குறையும் சொல்ல வேண்டும். கொப்பியில் இருந்தவை எரிந்து திரும்பி வந்த மோட்டர்கள் மட்டும். இன்னும் ஓடுகிறவற்றை விட்டுவிட்டால் ஆயுள் உள்ளதைவிடக் குறைவாகத்தான் தெரியும். கடைக்காரருக்கு இதைவிட முக்கியமானது எது? அது கடைசி நாள் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் வந்தது. தொகையீட்டுக்குப் போன இரண்டு சனியில் ஒன்றை இதற்குக் கொடுத்திருக்கலாம். உயர்தரத்தில் கணிதம் படிக்காதவர்களுக்கு அந்த இரண்டு நாளும் சரியான கஷ்டம்.

நான் இப்போது பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் எடுத்து, மோட்டர் இன்னும் ஓடுதா என்று கேட்டு எழுதி வருகிறேன். போகிறவர்கள் கல்குலேட்டரோடு சொந்தக் கணக்குக் கொப்பியையும் கொண்டு போங்கள், சேர் அதைத்தான் முதலில் கேட்பார்.