மதர்போர்டைப் பார்த்துக் கேசிங் வாங்குங்கள்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், ஏர்கான் போடாத அறையில் நாள் முழுக்க ஓடும் கணினி இது: மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, முன்பக்கம் வலை வைத்த மிட் டவர் (நடுத்தர உயர) கேசிங், 650 வாட் பவர் சப்ளை. கேசிங் வாங்கும்போது பலரும் கண்ணாடியையும் விளக்கையும்தான் பார்க்கிறார்கள். நாள்பட்ட உழைப்புக்கு முக்கியம் போர்டின் துளைகளும் கனெக்டர்களும்.

மைக்ரோ ஏடிஎக்ஸின் முழு அளவு 244க்கு 244 மி.மீ. விலை குறைந்த போர்டுகள் இதைவிட அகலம் குறைவாக வரும். வலது ஓரத்தில் திருகுத் துளையே இருக்காது. போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளை அழுத்தும்போது அந்த ஓரம் வளையும். அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தாங்கியபடி செருகுங்கள். கேசிங்கில் முன்பே முடுக்கியிருக்கும் ஸ்டாண்டாஃபில் (போர்டைத் தாங்கும் குட்டி உலோகத் தூண்), போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்பதைக் கழற்றியே ஆகவேண்டும். பின்புறச் சால்டரில் பட்டால் ஷார்ட் ஆகும்.

பவர் சப்ளை கீழே. சிபியுவுக்கான 8 பின் சாக்கெட் போர்டின் மேல் இடது மூலையில். பின்பக்கமாகச் சுற்றி வர 65 செ.மீ கேபிள் இருந்தால் வசதி. 55 செ.மீ என்றால் பல மிட் டவர்களில் விறைத்து நிற்கும். மேல் ஃபேனை மாட்டும் முன்பே இதைச் செருகிவிடுங்கள், பிறகு கை நுழையாது.

65 வாட் சிபியு, 200 வாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கு 650 தாராளம். 850க்குப் போகும் பணத்தை கோல்டு தரத்துக்கும் (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று) நீண்ட உத்தரவாதத்துக்கும் கொடுக்கலாம். நீளம் 140 மி.மீ போதும், 160 என்றால் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளின் தலை ஹார்டு டிஸ்க் கூண்டை இடிக்கக்கூடும். வேறு பவர் சப்ளையின் மாடுலர் கேபிளை, பொருந்துகிறதே என்று மாட்டவே மாட்டாதீர்கள். பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது. 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும்.

முன்பக்க டைப் சி போர்ட்டுக்குப் போர்டில் தனி ஹெடர் (கேபிளைச் செருகும் இடம்) வேண்டும். இல்லையென்றால் அந்தப் போர்ட் வெறும் ஓட்டைதான். கணினிச் சாமான் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குப் போகும்போது போர்டின் கையேட்டை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூசிதான் இங்கே ஓயாத வேலை. அடி ஃபில்டர் பின்னால் உருவும் வகையாக இருந்தால், சுவரோரம் வைத்த கேசிங்கை ஒவ்வொரு தடவையும் நகர்த்தவேண்டும்; முன்பக்கமாக உருவும் வகையே மேல். கழுவிய ஃபில்டரை நன்றாகக் காயவிடுங்கள். இந்த ஈரக்காற்றில் ஓரச் சட்டத்தில் நீர் தங்கும், தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.