7660-க்கு எந்தக் கெப்பாசிட்டர்: செராமிக்கா, எலக்ட்ரோலைட்டிக்கா, டேன்டலமா?

மணக்குடி பக்கம் ஓர் இறால் பண்ணைக்கு பிஎச் மீட்டர் போர்டு ஒன்று செய்து கொடுத்தபோதுதான் இதை உட்கார்ந்து அலசி முடிவெடுக்க வேண்டி வந்தது. பிஎச் எலக்ட்ரோடு 7-ல் பூஜ்யம் வோல்ட் காட்டும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 25 டிகிரியில் சுமார் 59 மில்லிவோல்ட் மைனஸ் பக்கம் இறங்கும். உப்புத்தண்ணீர்க் குளம் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே இருக்கும் என்பதால் ஆப்-ஆம்புக்கு (அந்தச் சிறு வோல்ட்டேஜைப் பெருக்கும் சிப்) மைனஸ் சப்ளை கொடுத்துவிடுவது சுலபம். பிளஸ் வோல்ட்டை மைனஸாகத் திருப்பித் தரும் சிப்பான ஐசிஎல்7660 ஒன்று, இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும், 5 வோல்ட் மைனஸ் 5 ஆகிவிடும். அந்த இரண்டும் எந்த வகை என்பதுதான் கேள்வி. நான் செராமிக் கட்சி.

இதில் சி1 என்கிற முதல் கெப்பாசிட்டர் கடத்துத்தோணி மாதிரி: உள்ளே வரும் சார்ஜை ஏற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் அவுட்புட்டில் இருக்கும் சி2-வில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. உள்ளே ஆசிலேட்டர் 10 கிலோஹெர்ட்ஸில் ஓடினாலும் அது பாதியாக வகுபட்டு, இந்த ஏற்றி இறக்கும் பம்ப் நடப்பது 5 கிலோஹெர்ட்ஸில். சுமை கேட்கும் கரண்டைப் பாதி நேரத்தில் ஏற்றிப் பாதி நேரத்தில் இறக்க வேண்டியிருப்பதால் சி1 வழியாக எப்போதும் இரண்டு மடங்கு கரண்ட் ஓடுகிறது. இரண்டு மடங்கு கரண்ட் என்றால் நான்கு மடங்கு இழப்பு. அதனால்தான் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் கணக்கில் சி1-இன் ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டருக்கு உள்ளேயே இருக்கும் ரெசிஸ்டன்ஸ்) நான்கால் பெருக்கப்பட்டு வருகிறது, சி2-இன் ஈஎஸ்ஆர் ஒரு தடவைதான். உள் சுவிட்சுகளுக்கு 46 ஓம், 10 மைக்ரோவுக்கு 20 ஓம், அதற்கு மேல் ஈஎஸ்ஆர் ஐந்து மடங்கு, இரண்டும் ஒரே வகையாக இருந்தால்.

இப்போது என் போர்டில் சுமை சுமார் 12 மில்லி ஆம்பியர். செராமிக் போட்டால் ஈஎஸ்ஆர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மொத்தம் 70 ஓம் என்று வையுங்கள், 0.84 வோல்ட் குறையும். புது எலக்ட்ரோலைட்டிக் 3 ஓம் என்றால் 81 ஓம், 0.97 வோல்ட். நியாயமாகச் சொன்னால் முதல் நாளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வேலை மேசையில் வைத்துப் பார்க்கிற யாரும் எலக்ட்ரோலைட்டிக்கே போதும் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அந்தப் போர்டு இருக்கப்போவது மேசையில் இல்லை. உப்புக்காற்று உள்ளே போகக்கூடாது என்று இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், குளத்துக்கரையில் ஒரு கம்பத்தில், சித்திரை வெயிலில். உள்ளே 60 டிகிரி எளிதாகப் போகும். எலக்ட்ரோலைட்டிக்கின் ஆயுள் 10 டிகிரி குறைந்தால் இரட்டிக்கும் என்பது எல்லோரும் போடும் கணக்கு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் என்று எழுதியிருக்கும் சாதா ரகம் 60 டிகிரியில் சுமார் 11,000 மணி நேரம் வரும், அதாவது ஒன்றேகால் வருடம். அதே 2000 மணி நேரம் 105 டிகிரி ரகத்தில் என்றால் 45,000 மணி நேரம், ஐந்து வருடம். ஆயுள் முடிந்தது என்றால் ஒரே நாளில் செத்துப்போவதில்லை, உள்ளே திரவம் காயக் காய ஈஎஸ்ஆர் ஏறிக்கொண்டே போகும். 20 ஓம் வரை ஏறிவிட்டால் மேலே சொன்ன கணக்கில் 166 ஓம், மைனஸ் சப்ளை 3 வோல்ட்டில் வந்து நிற்கும். மீட்டர் அணையாது, ஏதோ ஓர் அளவைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். இறாலுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

பண்ணைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "மக்கா, வருசத்துக்கு ஒருக்க இதக் கழத்தி மாட்ட என்னால முடியாது, கேட்டியா." எனக்கு அந்த ஒரு வாக்கியமே முடிவைச் சொல்லிவிட்டது. செராமிக்கில் காய்வதற்குத் திரவமே கிடையாது.

சரி, செராமிக் என்றால் எதையாவது வாங்கிவிடலாமா? கூடாது. ஒய்5வி ரகம் சூட்டில் 82 சதவீதம் வரை கொள்ளளவை இழக்கலாம், அதைத் தொடவே வேண்டாம். எக்ஸ்7ஆர் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை 15 சதவீதத்துக்குள் நிற்கும். ஆனால் அதற்கும் டிசி வோல்ட்டேஜ் ஏறினால் கொள்ளளவு குறையும் குணம் உண்டு. 6.3 வோல்ட் என்று போட்டிருக்கும் பொடி சைஸ் 10 மைக்ரோ, 5 வோல்ட் ஏறியதும் 4 மைக்ரோவாகச் சுருங்கினால் அந்த 20 ஓம் 50 ஆகிவிடும், அப்புறம் புது எலக்ட்ரோலைட்டிக்கே அதைவிட மேல். அதனால் 25 வோல்ட், 1206 சைஸ், எக்ஸ்7ஆர். நாகர்கோவில் கடைகளில் இது அவ்வளவாகக் கிடைப்பதில்லை, சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்க வேண்டியிருக்கும். போர்டு வளைந்தால் விரிசல் விடும் என்பதால் திருகு ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 5 கிலோஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கும் அளவு என்பதால் சில செராமிக் மெல்லக் கீச்சிடும். மீட்டருக்குப் பரவாயில்லை, மைக் ஆம்ப் செய்பவர்கள் யோசிக்க வேண்டும்.

டேன்டலம் காயாது, சிறியது, டிசியில் சுருங்காது. ஆனால் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும், 5 வோல்ட்டுக்கு 10 வோல்ட் ரகமாவது வேண்டும், ஈஎஸ்ஆரும் ஓரிரு ஓம் இருக்கும். போலாரிட்டியும் தொல்லை: அவுட்புட் மைனஸ் என்பதால் சி2-வின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும், பழக்கத்தில் கை எதிர்ப்பக்கம் போகும். செராமிக்கில் அந்தப் பேச்சே இல்லை. பாலிமர் ரகம் காகிதத்தில் நன்றாக இருக்கிறது, கடலோரத்தில் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லாததால் அதற்கு வாக்களிக்க மாட்டேன்.

செராமிக் ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால் அதை சி1-க்குப் போடுங்கள். சி2-வுக்கு 105 டிகிரி 47 மைக்ரோ எலக்ட்ரோலைட்டிக் தாங்கும், அங்கே ஈஎஸ்ஆர் ஒரு மடங்குதான். எது போட்டாலும் சிப்பின் 5-ஆம் காலிலிருந்து (மைனஸ் அவுட்புட்) ஒரு வயரை வெளியே டெஸ்ட் பாயின்ட்டாக எடுத்து விடுங்கள். சுமையோடு அளக்கும்போது மைனஸ் 4 வோல்ட்கூட வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சி1-ஐ.