பாலிடெக்னிக்கா, பிளஸ் டூ வழி பி.இ.யா? ஆறு வருடக் கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் தொடங்கும் பேச்சு இது. பிளஸ் டூ முடித்து பி.இ. படிக்க வைப்பதா, இல்லை பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேர்த்து, தேவைப்பட்டால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ.க்கு அனுப்புவதா? இரண்டாவதைச் சுற்று வழி என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எண்ணிப் பாருங்கள். மேல்நிலை இரண்டு வருடம், பி.இ. நான்கு, ஆக ஆறு. டிப்ளமோ மூன்று வருடம், அதை முடித்தவர்கள் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்வதால் பி.இ. மூன்று. அதுவும் ஆறுதான். நடுவில் இறங்கிக்கொள்ள ஒரு ஸ்டாப் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். பிளஸ் டூ சான்றிதழை மட்டும் காட்டினால் ஒரகடத்திலோ ஓசூரிலோ உள்ள தொழிற்சாலைகளில் பெரிதாக எதுவும் கிடைக்காது. டிப்ளமோவுக்கு அங்கே தனி வரிசையே உண்டு.

முதலில் செலவு. கவுன்சலிங் மூலம் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால், 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை வருடத்துக்கு 50,000 ரூபாய். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000 முதல் 87,000. இது காகிதக் கணக்கு. பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், அப்புறம் ‘பிளேஸ்மென்ட் டிரெயினிங்’ என்று தனியாக ஒரு ரசீது, எல்லாம் சேர்த்தால் நான்கு வருடத்துக்கு ஐந்தாறு லட்சம் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் ட்யூஷன் ஃபீஸில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். அதை விட்டுவிடக் கூடாது.

இந்தக் கணக்கில் யாரும் சேர்க்காதது பிளஸ் டூ செலவு. நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் இரண்டு வருடம் படிக்கும் பிள்ளைக்கு, கல்லூரியில் கால் வைக்கும் முன்பே ஒரு பி.இ. ட்யூஷன் ஃபீஸ் அளவுக்குப் பணம் கரைந்திருக்கும். அரசு பாலிடெக்னிக்கில் வருடக் கட்டணம் சில ஆயிரங்களோடு முடிந்துவிடும்.

இப்போது வருமானம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பொறியாளருக்குக் கொடுப்பது 2010 வாக்கில் வருடத்துக்கு மூன்றேகால் லட்சம் அளவில் இருந்தது. இன்றும் பெரும்பாலானோருக்கு 3.36 முதல் 3.6 லட்சம்தான். கல்லூரி வாசல் பேனரில் இருக்கும் 12 லட்சம் ஒருவரோ இருவரோ வாங்கியது. அட்மிஷன் நேரத்தில் ‘அதிகபட்சம் எவ்வளவு’ என்று கேட்காமல், ‘வகுப்பில் நடுவில் இருக்கும் பையன் எங்கே, எவ்வளவுக்குச் சேர்ந்தான்’ என்று கேளுங்கள். பதில் வராது, ஆனால் முகம் சொல்லிவிடும்.

கல்விக் கடன் வாங்கினால் கணக்கு இன்னும் இறுகும். நான்கு லட்சம் வாங்குவதாகக் கொள்வோம். வருடத்துக்கு ஒரு லட்சமாக நான்கு தவணை, 10 சதவீதத் தனி வட்டி என்று வைப்போம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் திருப்பத் தொடங்கும்போது வட்டி மட்டும் 1.4 லட்சம் ஏறியிருக்கும். 5.4 லட்சத்தை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய். கையில் 25,000 வாங்கும் பிள்ளைக்கு, சென்னையில் பேயிங் கெஸ்ட் வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும்?

டிப்ளமோ பிள்ளை பத்தொன்பது வயதில் மாதம் 15,000 வாங்குகிறான் என்று கொள்வோம். மற்றவன் பி.இ. முடிக்கும் வரையிலான மூன்று வருடத்தில் அதுவும் 5.4 லட்சம். ஒருவனுக்குக் கடனாக நிற்கும் அதே தொகை, இன்னொருவனுக்குச் சம்பளமாக வந்திருக்கிறது.

இதைக் கேட்டு உடனே பாலிடெக்னிக் விண்ணப்பம் வாங்க ஓட வேண்டாம். அந்த 15,000 நிலையான வேலையாக இருப்பது அபூர்வம். ஒரு வருடம் அப்ரண்டிஸ், அடுத்த வருடம் வேறு கம்பெனியில் ட்ரெய்னி, மூன்றாம் வருடம் கான்ட்ராக்ட் என்று ஓட்டுபவர்கள் ஏராளம். நிரந்தரம் ஆனாலும் சூப்பர்வைசரோடு ஏணி முடிந்துவிடும். மேனேஜர் பதவிக்குப் பட்டம் கேட்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வுக்கும் பி.இ. வேண்டும். ஆனால் ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் பணிக்கு டிப்ளமோவே போதும். தொடக்க அடிப்படைச் சம்பளமே 35,400. சாதாரணக் கல்லூரியில் பி.இ. முடித்தவர்களும் இதற்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

லேட்டரல் என்ட்ரியில் உண்மையான இடறு கணக்குப் பாடம். முதலாண்டுக் கணிதம் படிக்காமல் நேரே மூன்றாம் செமஸ்டருக்குப் போய் உட்கார வேண்டும். எம்-3 என்கிற அந்த செமஸ்டர் கணிதத் தாளில் அரியர் வைக்காமல் தப்பிப்பவர்கள், டிப்ளமோ கடைசி வருடத்திலேயே கால்குலஸைத் தனியாகப் படித்தவர்கள். லேபில், பட்டறையில், மிஷின் டிராயிங்கில் இவர்கள் கை வேறு மாதிரி இருக்கும்; அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

என் கணக்கு இது. கணிதம் நன்றாக வரும், கட்-ஆஃப் 200-க்கு 185-க்கு மேல் போகும், கிண்டி பொறியியல் கல்லூரியோ கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியோ (ஜி.சி.டி.) மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியோ கிடைக்க வாய்ப்புண்டு என்றால் பிளஸ் டூ வழிதான். அந்தக் கல்லூரிகளுக்குக் கம்பெனிகள் தேடி வருகின்றன. கட்-ஆஃப் 120, 130-இல் நின்று, பெயர் தெரியாத கல்லூரியில் கடன் வாங்கி மெக்கானிக்கல் சேர்வதைவிட டிப்ளமோ மேல். அதிலும் கோவை பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் போன்ற இடங்களில், நடுவே தொழிற்சாலைப் பயிற்சியோடு மூன்றரை வருடம் நடக்கும் சாண்ட்விச் படிப்பு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் பிளாஸ்டிக் அச்சு டிப்ளமோவும் அந்த ரகம்தான்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் ட்யூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசு பொறுப்பு. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போய்விட்டால் அந்தத் தகுதி போய்விடும். சுமாராகவாவது கணக்குப் போடும் பிள்ளை என்றால், அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.